மண்டையோடும் முள்ளந்தண்டும்: பண்டை மனிதரின் பிறவிக்குறைகள்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



நூற்றாண்டு விழாவில் எலும்புக்கூடுகளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னவுடன், "நல்ல நாளும் பெருநாளுமாய் வேறு ஒன்றும் கிடைக்கவில்லையோ?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள் மூவர். ஒருத்தி உடற்கூற்றியல் படிப்பிக்கிறாள். ஒருத்தி இயன்மருத்துவர். மற்றவள் சிறுவர் வாட்டில் தாதி. வேலை வேறு வேறு என்றாலும் மூவர் காதிலும் ஒரே கேள்விதான் விழுகிறது. குறையோடு பிறந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய் கேட்கிறாள்: "நான் என்ன பிழை விட்டனான்?" தாய் கேட்காவிட்டால் அவளிடம் மற்றவர்கள் கேட்கிறார்கள். கிரகணத்தன்று வெளியே போனாயா, எதையாவது வெட்டினாயா, யாருடைய கண் பட்டது, எந்தப் பிறப்பின் வினை என்று கேள்வி நீண்டுகொண்டே போகும்.

இதற்கு வைத்தியர்கள் சொல்லும் பதில் உண்டு. அதைவிடப் பழைய பதில் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. அதைத்தான் கொண்டுவந்திருக்கிறோம். (பாடப்புத்தகத்தில் "என்பு" என்று எழுதினால்தான் புள்ளி கிடைக்கும். இங்கே யாரும் புள்ளி போடப்போவதில்லை என்பதால் எலும்பு என்றே சொல்கிறோம்.)

முதலில் தலை. பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு அல்ல. பல தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. தகடுகளுக்கு இடையில் மெல்லிய இணைப்புகள் உண்டு. அவற்றைப் பொருத்துகள் என்போம். உச்சந்தலையில் கை வைத்தால் துடிக்கிறதே, அந்த உச்சிக்குழி பல பொருத்துகள் சந்திக்கும் இடம். பிள்ளை பிறக்கும்போது தலை சற்று ஒடுங்கி வழிவிடவும், பிறந்தபின் வேகமாக வளரும் மூளைக்கு இடம் கொடுக்கவும் இந்த இடைவெளிகள் வேண்டும். இவற்றில் ஒன்று நேரகாலத்தோடு ஒட்டிப்போனால், அந்தத் திசையில் தலை வளரமுடியாது. மூளை சும்மா இருக்குமா? இடமிருக்கிற பக்கம் தள்ளும். தலை கோணும். இதை 1851 இலேயே ஜெர்மன் வைத்தியர் ருடொல்வ் விர்ஹோ விளக்கிவிட்டார்: ஒட்டிய பொருத்துக்குக் குறுக்காக வளர்ச்சி தடைப்படும், அதற்கு இணையான திசையில் கூடும்.

இனி ஸ்பெயினுக்குப் போவோம். வடக்கே புர்கோஸ் நகருக்கு அருகில் அட்டப்புவெர்க்கா என்ற குன்றுத்தொடர் இருக்கிறது. அங்குள்ள குகையொன்றின் உள்ளே, ஏறத்தாழ 13 மீற்றர் ஆழமான கிணறு போன்ற துளையின் அடியில், எலும்புகள் குவிந்து கிடந்தன. ஸ்பானிய மொழியில் அதற்குப் பெயரே எலும்புக் குழி. குறைந்தது 28 பேருடைய எலும்புகள் அங்கே கிடைத்துள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 4 இலட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகள். அவர்கள் எங்கள் இனத்தவர்கூட அல்லர், நியண்டர்தால் மனிதரின் முன்னோர் வழி வந்தவர்கள். எங்கள் மனித இனத்துக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய எலும்புகளே 3 இலட்சம் ஆண்டளவுதான்.

அந்தக் குழியில் 2001, 2002 ஆம் ஆண்டுகளில் துண்டு துண்டாக எடுத்த மண்டையோடு ஒன்றுக்கு 14 என்று இலக்கம் கொடுத்தார்கள். பொருத்திப் பார்த்தால் தலை ஒருபக்கம் கோணலாக இருந்தது. இதில் ஆய்வாளருக்கு முதல் வேலை சந்தேகப்படுவதுதான். மண்ணின் பாரம் பல இலட்சம் ஆண்டு அழுத்தினால் எந்த மண்டையோடும் கோணும். சில சமூகங்களில் குழந்தையின் தலையைத் துணியாலும் பலகையாலும் கட்டி வேண்டுமென்றே வடிவம் மாற்றினார்கள், அதுவும் கோணல்தான். மண் நசுக்கினால் எலும்பு வெடித்திருக்கும், பொருத்துகள் அப்படியே இருக்கும். இந்தப் பிள்ளையின் பின்மண்டையில் இடப்பக்கப் பொருத்து முற்றாக ஒட்டி மறைந்திருந்தது. மற்றைய பக்கம் அதை ஈடுசெய்து வளர்ந்திருந்தது. விர்ஹோ சொன்ன விதி அப்படியே எலும்பில் தெரிந்தது. 2009 இல் அனா கிரேசியாவும் அவருடைய குழுவினரும் இதை வெளியிட்டார்கள்.

பொருத்து ஒட்டியது மிக இளம் பருவத்தில். பிள்ளை இறந்ததோ 5 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டாலும் "பெஞ்சமினா" என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். முகமும் தலையும் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும்படி இருந்திருக்கும். மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கவும் கூடும். வேட்டையாடித் திரிந்த கூட்டத்தில் அப்படியொரு பிள்ளை ஐந்து வயது தாண்டியது. ஆய்வாளர்கள் அளந்துதான் எழுதியிருக்கிறார்கள்: மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கவனிப்பு இந்தப் பிள்ளைக்கும் கிடைக்க இக்குறை தடையாக இருக்கவில்லை. "அதிக அன்பு" என்று எழுதவில்லை, "அதே கவனிப்பு" என்றுதான் எழுதினார்கள். எங்களுக்கு அந்த அளவான வார்த்தை பிடித்திருக்கிறது. எங்கள் வாட்டுக்கு வரும் தாய்மார் கேட்பதும் அதைத்தான்.

அதே ஸ்பெயினில், வலென்சியாப் பக்கம் கோவா நெக்ரா என்ற குகையில் இன்னொரு பிள்ளை. 1989 இல் கிடைத்த, காதுப் பக்கத்து மண்டை எலும்பின் சிறு துண்டு. அதை நுண்கதிர்ப் படம் எடுத்து உட்காதின் வடிவத்தைக் கணினியில் மீட்டுப் பார்த்தபோது, அங்கே பல பிறவிக் கோளாறுகள் ஒன்றாக இருந்தன. அவ்வளவும் சேர்ந்து வருவது டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களிடம்தான் என்று 2024 இல் ஆய்வுக்குழு எழுதியது. நியண்டர்தால் பிள்ளை. குறைந்தது 6 வயது. கேள்திறன் குறைந்திருக்கும், தலைசுற்றும், நிலையாக நடக்க முடிந்திராது. "டீனா" என்று பெயரிட்டார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள் எங்கள் வாட்டுக்கு வரும்போது, பெற்றோரிடம் இப்போது டீனாவைப் பற்றிச் சொல்கிறோம். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் படத்தைக் காட்டச் சொல்கிறார்கள்.

தலையை விட்டு முதுகுக்கு வருவோம். கருவில் பிள்ளையின் முள்ளந்தண்டு வடம் முதலில் தட்டையான தகடாகத்தான் இருக்கும். அது வாழையிலைச் சுருள் போலச் சுருண்டு, ஓரங்கள் ஒட்டிக் குழாயாகிறது. இது முடிவது கருத்தரித்து 28 ஆம் நாளளவில். "நாள் தள்ளிப்போச்சுது" என்று பெண்ணுக்குச் சந்தேகம் வரும் நேரத்தில், சுருள் மூடியோ மூடாமலோ முடிந்துவிடும். மூடாத இடத்தில் வடம் வெளியே தெரிய, முள்ளந்தண்டு எலும்புகள் பின்பக்கம் பிளந்தபடி நிற்கும். இதுதான் முள்ளந்தண்டுப் பிளவு. இதில் ஒரு லேசான வகை உண்டு. இடுப்புப் பக்கத்து எலும்பில் சிறு பிளவு மட்டும் இருக்கும், தோல் மூடியிருக்கும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இந்த மண்டபத்திலேயே சிலருக்கு இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. பழைய எலும்புகளில் அதிகம் காணப்படுவதும் இந்த லேசான வகைதான். எலும்பில் பிளவு கண்டவுடன் "ஊனம்" என்று எழுதிவிடக்கூடாது என்று மாணவர்களுக்கு முதலில் படிப்பிப்பது அதனால்தான்.

கடுமையான வகையும் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடாவில், டைட்டஸ்வில் என்ற ஊருக்கு அருகில், 1982 இல் வீதி போட மண் வெட்டிய இயந்திரம் சேற்றுக் குளமொன்றிலிருந்து மண்டையோடுகளைக் கிளப்பியது. வின்டோவர் என்று அழைக்கப்படும் அந்தக் குளத்தில் 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் இறந்தவர்களைப் புதைத்திருந்தார்கள். மொத்தம் 168 பேர். அந்தச் சேற்றில் நெய்த துணிகூட அழியாமல் இருந்தது. சிலரின் மண்டைக்குள் மூளையின் மிச்சமும் இருந்தது. அவர்களில் ஒரு பையனுக்கு முள்ளந்தண்டு கடுமையாகப் பிளந்திருந்தது. ஏறத்தாழ 15 வயதுவரை அவன் வாழ்ந்திருக்கிறான்.

இந்தக் குறையைப் பெருமளவு தடுக்கலாம் என்பது 1991 இல் உறுதியானது. முன்பு இப்படிப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு, அடுத்த முறை கருத்தரிக்கும் முன்பிருந்தே போலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை பல நாடுகளில் நடத்திய அந்த ஆய்வில், குறை 72 வீதம் குறைந்தது. இந்தக் கதையின் வேர் பம்பாயில் இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1928 இல் அங்கு வந்து, துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். அதைச் சுகப்படுத்தியது எது தெரியுமா? மாமைட்! காய்ச்சல் வந்தால் எங்கள் அம்மாமார் சுடுதண்ணியில் கரைத்துத் தேசிக்காய் பிழிந்து தந்தார்களே, அதே கறுப்புக் களிதான். 1931 இல் அவர் அதை எழுதினார். மாமைட்டில் இருந்த பொருள் என்னவென்று தெரிய இன்னும் பத்து வருடம் சென்றது. 1941 இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்துப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இலை என்பதற்கான இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. லூசி வில்ஸும் ஒரு பெண்கள் கல்லூரியின் பழைய மாணவிதான் என்பதை இந்த மேடையில் சொல்லாமல் விடமுடியவில்லை. செல்ட்னம் மகளிர் கல்லூரி.

இன்று எங்கள் நாட்டில் திருமணமான பெண்ணுக்குக் கருத்தரிக்கும் முன்பே இந்தக் குளிசையைக் கொடுக்கிறார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மருமகள்மாருக்கும் மகள்மாருக்கும் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் திருமணம் முடிந்தவுடன் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், மாதம் தள்ளும்வரை காத்திருந்தால் அந்த 28 நாள் போய்விடும்.

ஆனால் ஒன்று. 72 வீதம் என்றால் 100 வீதம் அல்ல. குளிசையை ஒழுங்காகப் போட்ட தாய்க்கும் இப்படிப் பிள்ளை பிறப்பதுண்டு. "கிரகணத்தில் போனியா" என்ற கேள்விக்குப் பதிலாக இப்போது "குளிசை போட்டியா" என்ற கேள்வி வாட்டுகளில் கேட்கத் தொடங்கியிருக்கிறது. படித்தவர்கள்தான் கேட்கிறார்கள். கேட்கும் தொனி பழையதுதான். பெஞ்சமினாவின் தாய் எந்தக் குளிசையைப் போடவில்லை, எந்தக் கிரகணத்தில் போனாள்? ஒரு பொருத்து ஒட்டுவதும், ஒரு குழாய் மூடாமல் விடுவதும், உடல் தன்னைத்தானே கட்டும் வேலையில் நேரும் தவறுகள். மனிதர் மனிதராவதற்கு முன்பிருந்தே நேர்ந்துவருகின்றன.

அடுத்தது வியட்நாம். எங்கள் மூவருக்கும் மிக நெருக்கமானவர் இங்கேதான் இருக்கிறார். வடக்கே நின் பின் மாகாணத்தில் மன் பாக் என்ற இடம். 3,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடுகாடு. மீன்பிடித்து, வேட்டையாடி, பன்றி வளர்த்து வாழ்ந்த சனங்கள். உலோகம் தெரியாதவர்கள். 2007 இல் அங்கே 9 ஆம் இலக்கக் குழியைத் திறந்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. மற்றவர்களை நீட்டி நிமிர்த்திக் கிடத்தியிருந்தார்கள். இவர் மட்டும் கைகால் மடங்கி, ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தார். இருபதுகளில் இறந்த ஆண். கழுத்திலிருந்து மேல்முதுகுவரை முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே தடிபோல் ஆகியிருந்தன. கைகால் எலும்புகள் மெலிந்து, பிள்ளையின் எலும்புபோல் இருந்தன. இயங்காத உறுப்பின் எலும்பு அப்படித்தான் மெலியும்.

இந்த நோய்க்குக் கிளிப்பல்-பெயில் என்று பெயர். 1912 இல் பாரிஸில் மொறிஸ் கிளிப்பலும் அந்திரே பெயிலும் இதை முதலில் விவரித்தார்கள். அவர்கள் பார்த்த நோயாளி 46 வயதுத் தையற்காரர். கருவில் முதல் இரண்டு மாதங்களுக்குள், தனித்தனித் துண்டுகளாகப் பிரியவேண்டிய முள்ளந்தண்டு பிரியாமல் நின்றுவிடுவதே காரணம். பலருக்குக் கழுத்துத் திரும்பாது, அவ்வளவுதான். அந்தத் தையற்காரர் தொழில் பார்த்தார். மன் பாக் இளைஞருக்கு அப்படி அமையவில்லை. குமரப்பருவத்துக்கு முன்னரோ அதன் தொடக்கத்திலோ வடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே இயக்கம் போயிற்று. கைகளும் மிகக் கொஞ்சமே அசைந்திருக்கும். அதன்பின் ஏறத்தாழ பத்து வருடம் வாழ்ந்தார்.

பத்து வருடம் என்றால் 3,650 நாள். எங்களில் இயன்மருத்துவராக இருப்பவள் வன்னியில் போரில் முள்ளந்தண்டு அடிபட்டவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறவள். அவளுக்கு அந்த ஒரு நாளில் என்னென்ன இருக்கும் என்று தெரியும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண். கழிவதைத் துடைத்துக் கழுவவேண்டும். தண்ணீரை வாய்வரை கொண்டுபோகவேண்டும். வடவியட்நாமில் குளிர்காலம் குளிரும், நெருப்பருகே கிடத்தவேண்டும். அதேநேரம் காலில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சுட்டாலும் தெரியாது, பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். சில்லுக் கதிரை இல்லை, காற்று மெத்தை இல்லை, அன்டிபயோட்டிக் இல்லை. இன்று வன்னியில் இந்த வேலையைப் பெரும்பாலும் தாயோ மனைவியோ தனியாகச் செய்கிறாள். மன் பாக்கில் யார் செய்தார்கள் என்று எந்த எலும்பும் சொல்லாது. மண்வெட்டி தேய்ந்தால் அகழ்வில் கிடைக்கும். புரட்டிப் புரட்டித் தேய்ந்த கை கிடைக்காது.

இதை அளக்கலாம் என்று காட்டியவர் அவுஸ்திரேலிய ஆய்வாளர் லோர்னா டில்லி. மார்க் ஒக்ஸன்ஹாமோடு சேர்ந்து மன் பாக் இளைஞரைப் பற்றி 2011 இல் எழுதினார். பின்னர் ஒரு முறையையே வகுத்தார்: முதலில் நோயைக் கண்டறி. பிறகு, அந்த ஊரில், அந்த வாழ்க்கையில் அது எதையெல்லாம் செய்யவிடாது என்று பார். அதற்கு என்ன உதவி தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிடு. கடைசியாகத்தான் அந்தச் சமூகத்தைப் பற்றியும் அந்த ஆளைப் பற்றியும் வாய் திறக்கலாம். தாதிமார் எழுதும் பராமரிப்புத் திட்டம் மாதிரி இருக்கிறதே என்று எங்கள் தாதி சொன்னாள். உண்மைதான்.

எதிர்வாதமும் உண்டு. அதை மறைத்தால் நாங்கள் படித்த படிப்புக்கு மரியாதையில்லை. மாலி நாட்டில் பிள்ளைகளின் போசாக்கை ஆராய்ந்த மானிடவியலாளர் கதரின் டெட்வைலர், 1991 இல் ஒரு கட்டுரை எழுதினார். வின்டோவர்ப் பையன் போன்றவர்களைக் காட்டி "பண்டை மனிதர் கருணை உள்ளவர்கள்" என்று எழுதுகிறீர்களே, எலும்பில் கருணை தெரியுமா என்று கேட்டார். உயிரோடு இருந்தார் என்பதற்காக நன்றாக நடத்தப்பட்டார் என்று ஆகாது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் கேட்டார்: கால் நடக்காதவரால் கூட்டத்துக்கு ஒரு பயனும் இருந்திருக்காது என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டல்லவா, அவரைக் காப்பாற்றியதைப் பெரிய கருணை என்று மெச்சுகிறீர்கள்?

இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாங்கள் மூவரும் நெடுநேரம் பேசினோம். சோறு கொடுத்து, கழுவி, அறைக்குள்ளேயே வைத்து, விருந்தாள் வந்தால் கதவைச் சாத்தும் வீடுகள் எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் எலும்பை நாளை யாராவது தோண்டினால் "நன்றாகப் பராமரிக்கப்பட்டவர்" என்றுதான் எழுதுவார்கள். வேறொரு வீட்டில், கழுத்துக்குக் கீழே அசையாத ஒருவர் ஊர்ப்பிள்ளைகளுக்குக் கட்டிலில் கிடந்தபடியே கணிதம் சொல்லிக்கொடுக்கிறார். எலும்பில் இரண்டும் ஒன்றுதான். டெட்வைலர் சொல்வது சரி என்று உடற்கூற்றியல்காரி சொல்கிறாள். மற்ற இருவரும் டில்லி பக்கம்: பத்து வருடப் படுக்கையை வெறுப்போடு ஒருவர் செய்துமுடிக்க முடியாது, பாதியிலேயே புண் வந்து, காய்ச்சல் வந்து முடிந்துவிடும் என்பது அவர்கள் அனுபவம். இதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மேடையில் ஒத்துப்போனதாகக் காட்டவும் விரும்பவில்லை.

ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. அந்தச் சுருண்ட சடலம். உயிரோடு இருந்தபோது மடங்கியிருந்த கால்களை, இறந்தபின் மற்றவர்கள் மாதிரித் தெரியவேண்டும் என்று யாரும் முறித்து நீட்டவில்லை. எப்படிப் படுத்திருந்தாரோ அப்படியே, ஊரார் எல்லோரும் கிடந்த அதே இடுகாட்டில் வைத்தார்கள் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

கடைசியாக, ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் பழைய மாணவிகளுக்கு ஒரு தகவல். புர்கோஸ் நகரில் 2010 இல் திறக்கப்பட்ட மனித பரிணாம அருங்காட்சியகத்தில் அட்டப்புவெர்க்காவில் எடுத்தவற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மட்ரிட்டிலிருந்து வடக்கே பஸ்ஸிலோ ரயிலிலோ போகலாம். விடுமுறைக்கு ஸ்பெயின் போகிறவர்கள் கடற்கரையோடு நின்றுவிடாமல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எங்களுக்கும் எழுதுங்கள், நாங்கள் இன்னும் போகவில்லை.